எழுபது கிலோ

மாப்பிள்ளையின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது ஹெட்லைட். சோதனையில் தவறினால் வண்டி ரோட்டில் இறங்கக் கூடாது.

ஓட்டுபவரின் எடைக்கு மணல்மூட்டை வைத்துத்தான் வெளிச்சத்தைச் சரிபார்ப்பார் மெக்கானிக். நேற்று எடை கேட்டபோது மைத்துனி பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளை வயிற்றை எக்கிக்கொண்டு, "எழுபது" என்றார்.

இன்று சோதனையில் அவர் சீட்டில் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. சுவரில் வெளிச்சம் எல்லைக் கோட்டைத் தாண்டி ஏறியது. சோதனை அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"லைட் தானா ஆடுதா? அப்ப பெயில்தான்."

"நேத்து எழுபது கிலோவுக்கு அசையாம நின்னுச்சு சார்" என்று மெக்கானிக் பதறினார்.

பேனா தாளைத் தொட்டது. மாப்பிள்ளை மைத்துனியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"தொண்ணூத்தாறு" என்று முனகினார்.

"சத்தமா சொல்லுங்க அத்தான், சாருக்குக் கேக்கல" என்றாள் இன்றும் கூட வந்திருந்த மைத்துனி.

சொன்னார். மெக்கானிக் திருகாணியைத் திருப்பினார். வெளிச்சம் அடக்கமாகக் கோட்டுக்குக் கீழே இறங்கியது.