தின்னாமல் வைத்த லபெ

திண்டிவனத்தில் லபெ என்ற பெயரைச் சரியாகச் சொல்ல ஒரு நாக்கு கிடையாது. துரைக்கண்ணுவின் தம்பி முத்துசாமி "லேபட்டு" என்பான். மல்லாட்டை மண்டியில் அவரோடு கடலை மூட்டை தூக்குகிறவர்கள் "லப்போட்டு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். துரைக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அட, இவர்களிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று பிறகு தானே அடங்கிவிடுவார்.

பர்மாவில் பெகு ஊர் அரிசி மில்லில் பதினெட்டு வருஷம் இருந்தவர். அறுபத்து நாலில் நம் ஜனங்களை அங்கிருந்து விரட்டியபோது கப்பலேறி வந்தார். கொண்டுவந்தது இரண்டு வேட்டியும் ஒரு ஜாடியும்தான். ஜாடியில் அந்த லபெ, புளிக்கவைத்த தேயிலை. அதைக் குடிப்பதில்லை, எண்ணெய் விட்டுப் பிசைந்து தின்பார்கள்.

"பேரை இன்னொரு வாட்டி சொல்லுங்க மாமா," என்பாள் முத்துசாமியின் மனைவி குப்பம்மாள். அந்த வீட்டில் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவது அவள் ஒருத்திதான்.

"லபெ. கடைசியில 'ட்' கெடையாதும்மா. வர்ற எழுத்தைத் தொண்டையிலயே புடிச்சு நிறுத்திடணும்."

"அது இன்னா அப்பிடி ஒரு பேரு?"

"ராசா குடுத்த தேயிலை விதையை எவனோ ஒத்தைக் கையால வாங்கினானாம். அந்தப் பாசையில ஒத்தைக் கைக்கு ஏறக்குறைய இதான் சத்தம். அதுவே பேரா நின்னுடுச்சின்னு சொல்வாங்க."

"ராசாகிட்ட ஒத்தைக் கையாலயா? நம்ம மண்டிக்காரரே ரெண்டு கையும் நீட்டலன்னா மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு போவாரு!"

துரைக்கண்ணு சிரித்தார். அந்தக் கதையைச் சொன்னது தன் பெண்சாதி மா கின் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பெகுவிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் மா கின் லபெயைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். அங்கே இரண்டு பேருக்குள் வழக்கு என்றால், தீர்த்துவைத்த பிறகு இருவரும் லபெ தின்பார்கள். தின்றால் சம்மதம், அப்புறம் பேச்சே கிடையாது. கண் தெரியாத தாயை விட்டு வரமாட்டேன் என்பது அவள் கட்சி. நீ வராமல் நான் எப்படி இருப்பேன் என்பது இவர் கட்சி. அவள் ஒரு வாய் தின்றாள். இவர் தொடவில்லை. மனசு வரும்போது தின்னுங்கள் என்று ஜாடியில் அடைத்துக் கொடுத்தாள்.

ஒன்றரை வருஷமாக மனசு வரவில்லை. தின்னாதவரை வழக்கு முடியவில்லை. முடியாதவரை அவள் ஒருவேளை வந்தாலும் வருவாள். பைத்தியக்காரத்தனம்தான், வேறென்ன! ஆனாலும் தினமும் ஜாடியைத் திறந்து மோந்து பார்ப்பார், கொஞ்சம் நல்லெண்ணெய் விடுவார், மூடிவிடுவார். வீடு நிறைய ஜனம் இருந்தும் அவருக்குத் துணை அது ஒன்றுதான்.

பார்க்கப் பார்க்கக் குப்பம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. பாவம் மனுஷன், ஆக்கிப்போட ஆளில்லாமல்தானே ஆசையை அடக்கிக்கொண்டு மூடிவைக்கிறார்! ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாடியின் மேலே பூசணம் கண்டதும் அவளே துணிந்துவிட்டாள். கெட்டதைக் கழித்து, மிச்சம் முழுவதையும் மூன்று தண்ணீரில் அலசி, புளிச்சகீரை மாதிரி வேகவைத்துக் கடைந்து, வறுத்த மல்லாட்டையைத் தட்டிப் போட்டாள்.

மத்தியானம் முதல் கவளத்தை வாயில் வைத்ததுமே துரைக்கண்ணுவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் துவர்ப்பு வேறு எதற்கும் கிடையாது. கை அப்படியே நின்றது. துப்பிவிடலாம். துப்பினால் தின்றதாகாது.

எதிரே கரண்டியும் கையுமாகக் குப்பம்மாள் நின்றாள். "நல்லா இல்லீங்களா மாமா? உங்க ஊரு கீரைதாங்க. பூசணம் பூத்துப் பாழாப் போயிடப் போவுதேன்னுதான் ஆக்கினேன்."

இவளுக்கு எதிரில் எப்படித் துப்புவது? மா கின் வரப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியாததா என்ன? கப்பல் நகர்ந்த அன்றே தெரியும். விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"காரமா மாமா?"

"ஆமாம்மா, காரம். இன்னும் கொஞ்சம் போடு."

மறுநாள் விழுப்புரம் போன இடத்தில், ஜங்ஷன் பக்கத்துத் தபாலாபீசில் வெளிநாட்டுக் கடுதாசி ஒன்று வாங்கினார். மாதம் தவறாமல் மா கின்னுக்கு எழுதுகிறவர்தான். ஒவ்வொரு தடவையும் 'எப்போது வருகிறாய்?' என்றுதான் முடிப்பார். இந்தத் தடவை நின்றவாக்கிலேயே பர்மிய பாஷையில் எழுதி ஒட்டிப் போட்டுவிட்டார்.

'தின்றுவிட்டேன். அம்மாவைப் பார்த்துக்கொள்.'