ஆசான் ஆயுதம் எடுக்கலாமா

முதலியார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்ளூர் கேபிள் டிவிக்காரர்கள் சுதந்திர தினத்தன்று போடுவதற்காகப் பட்டிமன்றம் ஒன்றைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைப்பைக் கேட்டால் சிரிப்பு வரும்: ‘முன்கதையில் ஆசான் ஆயுதம் எடுத்தது சரியா, தவறா?’ அந்த வருஷம், இரண்டாயிரத்து ஐந்து கோடையில், பாண்டியில் நாலு வாரம் ஓடிய வெள்ளைக்காரப் படத்தைப் பற்றியது. விண்கலமும் உண்டு, மந்திரமும் உண்டு. எல்லாரும் தமிழில்தான் பேசினார்கள்.

படம் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடலாம். பழைய படங்களில் ஆசான் என்றொரு கிழவர் வருவார். செத்துப்போன ஒரு நிலாவில், உப்புக் குகைக்குள், கழுத்துவரை போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊரே எரிகிறது, வாருங்கள் என்று சிஷ்யை குகை வாசலில் நின்று கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். தேடி வருகிறவர்களுக்கு இரண்டு வரி சொல்லி அனுப்பிவிடுவார். இருபது வருஷம் கழித்து, அதற்கும் முன்னால் நடந்த கதை என்று புதிதாக ஒன்றை எடுத்தார்கள். அதில் ஆசான் போர்வையை உதறினார். உள்ளே நாலு கை. நாலிலும் நெருப்புச் சவுக்கு. அறுபது பேரை ஐந்து நிமிஷத்தில் அடித்துச் சாய்த்தார். தியேட்டரில் பாதிப் பேர் விசிலடித்தார்கள். மீதிப் பேர் ‘கெடுத்துட்டானுங்கடா’ என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

நிர்மலாதேவிக்கு ‘தவறு’ அணி. அவளாகக் கேட்டு வாங்கியதல்ல. நடுவர் தெய்வசிகாமணி ஐயாதான் பிரித்துக் கொடுத்தார். “சண்டை வேணாம்னு ஒரு பொண்ணு சொன்னாத்தாம்மா கேக்க நல்லா இருக்கும்” என்றார். அவளுடைய கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு. பாண்டியில் எந்த மேடையானாலும் நடுவில் உட்கார வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். இதுவரை ஒருவரையும் பகைத்துக்கொண்டதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

நிர்மலாவுக்குத் தவளக்குப்பத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அவள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் அவள்தான். பி.ஏ. பாஸ். மார்க் ஷீட் கைக்கு வந்தால் பி.எட். சேரலாம். வரவேண்டியது அது ஒன்றுதான்.

ஒலிபெருக்கி சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மணமகன் அறைக்குள் கண்ணாடி முன்னால் நின்று துண்டைச் சரிசெய்துகொண்டிருந்த நடுவரைப் பிடித்தாள்.

“ஐயா, நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை.”

“தெரியும்மா. கூப்பிட்டிருக்காங்க, வர்றேன்.”

“வர்றதக் கேக்கலங்கய்யா. சொல்லுவீங்களான்னு கேக்குறேன்.”

அவர் துண்டை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிப் பார்த்தார். “எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு நிர்மலா. பொறுமையா இரு. காலம் பதில் சொல்லும். உண்மை தானா வெளிய வரும்.”

“தானா வர்றதா இருந்தா நான் எதுக்கு ஒம்போது வாட்டி உங்க வீட்டுக்கு நடந்தேன்?”

“இப்ப மேடைக்கு நேரமாச்சு” என்றார்.

விஷயம் இதுதான். ஏப்ரலில் நடந்த கடைசிப் பரீட்சையில் பரீதாவின் பெஞ்சுக்கு அடியில் ஒரு பிட்டுத் தாள் கிடந்தது. பறக்கும் படை வந்து பிடித்தது. பரீதா நிர்மலாவின் சிநேகிதி. காப்பியடிக்கச் சொன்னால்கூட அதிலும் எழுத்துப்பிழை பார்த்துத் திருத்துகிற பெண். தாளை எறிந்தவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தாளாளரின் தங்கை மகன். படை வருவது தெரிந்ததும் சுருட்டி வீசினான். அந்த அறைக்கு அன்று கண்காணிப்பாளர் தெய்வசிகாமணி ஐயா. அவன் வீசியதை அவர் பார்த்தார். அவர் பார்த்ததை, பரீதாவுக்குப் பின்பெஞ்சில் இருந்த நிர்மலா பார்த்தாள். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. நாளைய விசாரணையிலும் திறக்கவில்லை என்றால் பரீதாவின் அந்தப் பருவம் முழுக்க ரத்து. இரண்டு வருஷம் பரீட்சை எழுத முடியாது.

நிர்மலாவும் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனாள். ஐயாதான் தடுத்தார். “நீ சின்னப் பொண்ணு. உன் ரிசல்ட்டையும் நிறுத்தி வெச்சிடுவாங்க. பெரியவங்க பாத்துக்குறோம்.” பெரியவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், மூன்று மாதமாக.

மேடையில் முதலில் எழுந்தவன் வெற்றிச்செல்வன், ‘சரி’ அணி.

“நடுவர் அவர்களே! ஆசான்னா யாரு? நம்ம ஊர்ல கம்பு சுத்தக் கத்துக்குடுக்குறவருக்குத்தான் ஆசான்னு பேரு. அவரே சுத்த மாட்டேன்னா, அவருகிட்ட எதுக்குய்யா கம்பு? துணி காயப்போடவா?”

மண்டபம் சிரித்தது. நடுவரும் சிரித்து மணியைத் தட்டினார். அடுத்தது நிர்மலா.

எழுதி மனப்பாடம் செய்ததைத்தான் ஆரம்பித்தாள். போர்வைக்குள் கை இருந்தவரைக்கும் ஆசான் நம் கண்ணுக்கு மலை மாதிரி இருந்தார், கை வெளியே வந்ததும் எல்லாச் சண்டைக்காரர்களையும் போல ஒரு சண்டைக்காரர் ஆகிவிட்டார் என்றாள். சவுக்கு எத்தனை முழம் என்று எண்ணுகிற இடத்துக்கு ரசிகனை இறக்கிவிட்டார்கள் என்றாள். நன்றாகத்தான் போனது. “கை இல்லாதவர் சும்மா இருப்பது பெரிதல்ல. நாலு கை இருந்தும் எடுக்காமல் இருந்தாரே, அவர்தான் ஆசான்!” என்று முடித்ததும் கைதட்டல் வந்தது. நிர்மலா நடுவர் பக்கம் திரும்பினாள்.

ஐயா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். தனக்கு யாரோ மாலை போட்டது போல.

அவள் ஒலிவாங்கியைத் தாங்கியிலிருந்து பிடுங்கினாள்.

“இப்ப நான் சொன்னது பொய்” என்றாள். மண்டபம் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துக் காத்திருந்தது. “பழைய படத்துல ஊர் எரியுது. ஆசான் குகையில உக்காந்திருக்காரு. பாவம், கிழவரு, முடியாதுன்னு நாம விட்டோம். இப்ப இந்த முன்கதை வந்து என்ன காட்டுது? முடியும்! நாலு கை! அப்போ முடியாம சும்மா இல்ல அவரு. முடிஞ்சும் சும்மா இருந்தாரு. இதத் தெரிஞ்சப்புறம் எவன் அவர மகான்னு சொல்லுவான்? ஆசான் ஆயுதம் எடுத்தது சரி. ஒரு வாட்டி எடுத்துட்டு அப்புறம் போர்வையப் போத்திக்கினாரு பாருங்க, அதுதான் தப்பு.”

சொல்லிக்கொண்டே மேடையைக் குறுக்கே கடந்து எதிரணி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஒயர் இழுபட்டு நடுவரின் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது.

“யம்மா! வெளிச்சத்த உட்டு வெளிய போவாத!” என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கேபிள்காரர் கிருஷ்ணசாமி கத்தினார். “அணி மாறக்கூடாதும்மா, பேர் அட்டை அங்க கீது!”

“அட்டைய இங்க வைங்க” என்றாள்.

‘தவறு’ அணியில் தனியாக விடப்பட்ட கமலா சாரம் என்கிற பகுதியில் பள்ளிக்கூட டீச்சர். ஒரு மேடையிலும் எதிராளியைச் சும்மா விட்டதில்லை. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“அம்மணி கட்சி மாறிட்டாங்க. மாறட்டும். பாண்டிக்கு இது இன்னா புதுசா?”

மண்டபம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. கமலா அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

“நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஊர் எரிஞ்சப்ப ஆசான் சும்மா இருந்தாரு, சரி. அந்தச் சிஷ்யை எங்க இருந்தா? குகை வாசல்ல. இன்னா பண்ணா? ‘ஆசானே வாங்க, ஆசானே வாங்க’ன்னு கூப்புட்டா. நூறு வாட்டி கூப்புட்ட நேரத்துல நாலு வாளித் தண்ணி ஊத்தியிருக்கலாம்ல? அவளுக்குக் கை இல்லியா? கிழவன் வரலன்னு அழுவுறவ, தான் போவலன்னு ஏன் அழுவல? ஆசான் இறங்கிட்டா இவளுக்கு வசதி. நின்னு கைதட்டலாம்!”

நிர்மலாவுக்கு முகம் எரிந்தது. கமலாவுக்குக் கல்லூரி விஷயம் ஒன்றும் தெரியாது. படத்தைப் பற்றித்தான் பேசினாள். அதனால்தான் நேராக வந்து பட்டது.

தீர்ப்பு வந்தது. “ஆயுதம் எடுத்ததும் சரி, எடுக்காமல் இருந்ததும் சரி. எடுக்கவும் எடுக்காமல் இருக்கவும் தெரிந்த அந்த இடைநிலையே ஞானம்” என்றார் ஐயா. எல்லாரும் கைதட்டினார்கள். வெற்றிச்செல்வன் மட்டும், “நடுவுல உக்காந்தா ரெண்டு பக்கமும் வெயில் படாது” என்று முணுமுணுத்தான்.

விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நிர்மலா பந்திக்கூடத்துக்குப் போனாள். வெறும் மேஜையில் உட்கார்ந்து முழுத்தாள் ஒன்றில் நடந்ததை எழுதினாள். தேதி, அறை எண், ஜன்னல், வீசிய கை, அதைப் பார்த்த கண். அடியில் கையெழுத்துப் போட்டாள். ஐயாவிடம் பத்தாவது முறையாகக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விசாரணை அறையில் குழுவினர் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் பரீதா, அழுது முடித்த முகத்தோடு. இன்னொரு ஓரத்தில் ஐயா. குழுவின் நடுவில் இருந்தவர் நிர்மலாவின் தாளை இரண்டு முறை படித்தார்.

“இத ஏன் அன்னைக்கே சொல்லல?”

“பயந்தேன் சார்.”

“எதுக்கு?”

“என் ரிசல்ட்ட நிறுத்திடுவாங்கன்னு.”

“இப்ப பயமில்லையா?”

“இருக்கு சார்.”

அவர் ஐயாவின் பக்கம் திரும்பினார். “நீங்கதானே கண்காணிப்பாளர்? இந்தப் பொண்ணு சொல்றது உண்மையா?”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். “இருக்கலாம்” என்றார்.

“இருக்கலாம்னா?”

“மறுப்பதற்கில்லை.”

அவ்வளவுதான். மேடையாக இருந்தால் அதற்கும் கைதட்டியிருப்பார்கள். ஆனால் அந்த ‘மறுப்பதற்கில்லை’ போதுமானதாக இருந்தது. பரீதாமேல் இருந்த குற்றத்தை எடுத்துவிட்டார்கள், விடைத்தாளைத் திருத்தச் சொன்னார்கள். தாளாளரின் தங்கை மகன் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை. தெரிந்ததை மூன்று மாதம் மறைத்ததற்காக நிர்மலாவின் மார்க் ஷீட்டை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அறையில் இருந்த இன்னொருவர் மறைத்ததற்கு ஒன்றும் நிறுத்தப்படவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் பரீதா ஓடிப்போய் ஐயாவின் முன்னால் நின்றாள். “ரொம்ப நன்றிங்க சார். நீங்க சொல்லலன்னா...”

“எனக்கெதுக்கும்மா” என்று கையை உயர்த்தினார். பிறகு நிர்மலாவைப் பார்த்துச் சிரித்தார். வகுப்பில் கடினமான பாட்டுக்குப் பொருள் சொல்லி முடித்ததும் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. “நேத்து மேடையில என்னைத்தானே குத்தின? தெரியும். இப்பப் புரியுதா? நான் முன்னாடி நின்னிருந்தா நீ பின்னாடியே நின்னிருப்ப. சில நேரம் ஆசிரியன் ஒதுங்கி நின்னாத்தான் மாணவன் எழுவான்.”

நிர்மலா அவரையே பார்த்தாள். பி.எட். போனதுகூட அவளுக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

“ஐயா, அத மட்டும் சொல்லாதீங்க.”

“எத?”

“உள்ள என்ன ஏன் சொல்லலன்னு கேட்டாங்க. பயந்தேன்னு சொன்னேன். அஞ்சு எழுத்துதான். நீங்களும் பயந்தீங்க. ரிட்டையர்டு ஆற நேரத்துல தாளாளரப் பகைச்சிக்க பயந்தீங்க. அதச் சொல்லுங்க. இந்த இடத்துலயே உங்க கால்ல விழறேன். ‘அறுவது வயசு ஆளும் பயப்படுவான்’னு அதுலயும் ஒரு பாடம் இருக்கு, நான் எடுத்துக்குறேன். ஆனா உங்க பயத்துக்குப் பாடம்னு பேர் வெச்சி என் தலையில கட்டாதீங்க. நான் பேசினது நீங்க கத்துக்குடுத்து இல்ல.”

“நிர்மலா, கோபம்...”

“சொல்லுங்கய்யா. பயந்தேன்னு.”

ஐயா தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். அலுவலக ஆள் ஒருவன் கோப்புகளோடு வந்துகொண்டிருந்தான். “வகுப்பு இருக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தார். அன்று அவருக்கு வகுப்பு இல்லை. மூன்று வருஷம் அவருடைய நேர அட்டவணையைத் தெரிந்துவைத்திருந்தவள் அவள்.

“என்னாடி இப்படிப் பேசிட்ட?” என்றாள் பரீதா, மூச்சு வாங்க. “எது எப்படியோ, சாருடி அவரு.”

“அதுக்கு?”

“உன் பி.எட்.?”

“இந்த வருஷம் அவ்ளோதான்.”

பரீதாவுக்குக் கண் நிறைந்தது. “எனக்காகவாடி...” என்று கையைப் பிடித்தாள்.

நிர்மலா கையை உதறினாள். “நன்றி கின்றின்னு வாயத் தொறந்த, அறைஞ்சிடுவேன். ஏப்ரல்லயே சொல்ல வேண்டியவ ஜூலையில வந்து சொல்லியிருக்கேன். மூணு மாசம் நீ தூங்காம கெடந்தப்ப நான் அந்தாளு வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டி வெச்சிட்டு நின்னேன்.”

பரீதா மெல்லக் கேட்டாள்: “உள்ள கேட்டப்ப எனக்கு உறைக்கல. அன்னைக்கே நீ பாத்தியா? எறிஞ்சத?”

“பாத்தேன்.”

“எங்கிட்டகூட சொல்லல.”

“சொல்லல. பயம்.”

பரீதாவின் முகம் மாறியது. கல்லூரி வாசலில் ஆரம்பித்து பஸ் நிறுத்தம் வரைக்கும் திட்டினாள். தமிழில் இருக்கிற எல்லா வார்த்தைகளையும் போட்டுத் திட்டினாள். நடுவில் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டினாள். நிர்மலா ஒரு வார்த்தைக்கும் மறுத்துப் பேசாமல் கூடவே நடந்தாள். தவளக்குப்பம் பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. பரீதா இன்னும் முடிக்கவில்லை.