நாயகன் பேச வேண்டியது

கடைசிக் காட்சியை எழுதி முடித்துவிட்டால் லியோனா டார்கின் நியூயார்க்குக்கு ரயில் ஏறிவிடுவாள். அதனால்தான் வெண்டெல் பிரவுட்டி அதை முடியவிடாமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தான்.

படத்தில் நாயகி ஊரை விட்டுக் கிளம்புகிறாள். நாயகன் வந்து தடுக்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. நாயகன் மழையில் ஓடி வந்தால் அரதப் பழசு என்றான் வெண்டெல். படகுத்துறைக்கு வந்தால் செலவு எகிறும் என்றான். தணிக்கைக்காரர்கள் முத்தத்தை வெட்டிவிடுவார்கள் என்று, முத்தமே இல்லாத பக்கத்துக்கும் சொன்னான். ஹாலிவுட்டில் எழுத்தாளனைக் குறை சொல்வது தயாரிப்பாளரின் வேலை. அதையும் இவனே எடுத்துக்கொண்டான்.

ஸ்டுடியோவில் எழுத்தாளர்களுக்கென்று இருந்த கட்டடத்தின் மாடி அறையில், ஆறு வருஷமாக இருவரும் சேர்ந்து காதல் நகைச்சுவைப் படங்கள் எழுதிவந்தார்கள். அவர்களுடைய முறையே தலைகீழ். நாயகி பேசுவதையெல்லாம் வெண்டெல் சொல்வான். அவனுடைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நாயகனாக லியோனா பேசுவாள். பேசப் பேச அவளே டைப் அடித்துவிடுவாள். இதென்ன கூத்து என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "ஆம்பளை என்ன சொல்லணும்னு எனக்குத்தான் தெரியும். அவன் எப்பச் சொல்வான்னு காத்துக் கிடக்கிறது நாங்கதானே."

போன மாதம் நியூயார்க் நாடகக் கம்பெனி ஒன்று அவளை அழைத்தது. அவள் பெயர் மட்டும் போட்டு, அவள் தனியாக எழுதும் நாடகம். வெண்டெல் கை குலுக்கினான், புதுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தான், போய் ஜமாய் என்றான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. அவளில்லாத அந்த அறையை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

அன்று மதியம் லியோனா தொப்பியோடு உட்கார்ந்து, போகாதே என்பதை இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். நல்ல வசனம். அது வெண்டெலுக்கும் தெரிந்தது. சரியில்லை என்றான்.

லியோனாவின் விரல்கள் நின்றன. பிறகு தொப்பியைக் கழற்றி அவன் மடியில் போட்டாள்.

"இன்னிக்கு நீ நாயகன். பேசு, நான் அடிக்கிறேன்."

வெண்டெல் தொப்பியை மாட்டிக்கொண்டான். நாயகிக்கென்றால் நாக்கு நுனியில் நூறு பதில் வைத்திருப்பவன், இப்போது தொண்டையைக் கனைத்தான், ஜன்னல் பக்கம் போனான், திரும்பி வந்தான். மெஷின் காத்திருந்தது.

"போகாதேன்னு என்னால சொல்ல முடியல," என்றான். "அது உன் நாடகம். உனக்கு வரவேண்டியது. போகாதேன்னா நான் மனுஷனே இல்ல." மெஷின் சடசடவென்று ஓடியது. "ஆனா, நீ போயிட்டா நான் யார்கிட்டப் பேசுறது? நானும் வர்றேன் லியோனா. எழுத வேலை கிடைக்கலன்னா உனக்குக் காபி போட்டுத் தர்றேன். என் காபி சகிக்காதுதான்."

மெஷின் எப்போது நின்றதென்று அவன் கவனிக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்ட?"

"இது படத்துக்கு இல்ல," என்றாள் லியோனா. "நாயகி பேசுறது உன் பொறுப்பாச்சே. நான் இப்ப என்ன சொல்லணும்?"

வெண்டெல் பழக்க தோஷத்தில் யோசித்தான். "'யோசிச்சுச் சொல்றேன்'னு சொல்லு. கொஞ்சம் தவிக்க விட்டாத்தான் சுவாரஸ்யம்."

"மட்டமான வசனம்பா. ஆறு வருஷம் தவிச்சது போதாதா?" என்று எழுந்து வந்து, தொப்பி கீழே விழும்படி அவனைக் கட்டிக்கொண்டாள்.

மாலைக்குள் கடைசிப் பக்கம் தயாரிப்பாளர் குரூபரின் மேசைக்குப் போயிற்று. நாயகன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு வந்து, நாயகியின் பக்கத்தில் நிற்கிறான். வசனம் ஒன்றுகூட இல்லை.

உடனே தொலைபேசி அலறியது. லியோனா எடுத்தாள்.

"என்னம்மா இது, இவன் வாயே திறக்கலையே," என்றார் குரூபர். "அவளுக்கு எப்படிப் புரியும்?"

"புரியும் சார். ஆறு வருஷப் பழக்கமாச்சே."

மறுமுனையில் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. படத்தில் அவர்கள் சந்தித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.