குதூகலக் குன்று

“குன்றடியில இருக்கிற பேர்ப்பலகையை மாத்துங்க அங்கிள்.”

சம்பளம் கூட்டிக் கேள், லீவு கேள், இட்வலிடம் அந்தப் பலகையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று அம்மா நெஸ்டா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மாரெட் திறந்துவிட்டாள்.

இட்வல் டீக்கோப்பையைக் கீழே வைத்தார். வெல்ஷ் கடலோரத்தில் விடுமுறை வீடுகளை வாடகைக்கு விடுகிறவர். அந்த வீடுகளைப் பெருக்கித் துடைப்பவள் நெஸ்டா. வந்து தங்குபவர்களைக் குன்றேற்றிக் காட்டுபவள் மாரெட்.

“காலேஜ் பட்டம் வாங்கிட்டா மலைக்கே பேர் வைப்பியா, கண்ணு?”

“நான் எங்க வெச்சேன்? மாத்தினது உங்க வீட்டுல.”

ஊரறிந்த கதைதான். குன்றின் பெயர் மொய்ல் அ நியூல். நியூல் என்றால் மூடுபனி. இட்வலைக் கட்டிக்கொண்டு மான்செஸ்டரிலிருந்து வந்த ஜூடித், வெல்ஷ் மொழியை ஆசை ஆசையாகக் கற்றவள், அதை ஹுய்ல் என்று காதில் வாங்கிக்கொண்டாள். ஹுய்ல் என்றால் குதூகலம். தன் கையாலேயே பலகை எழுதி, கீழே ‘ஹேப்பி ஹில்’ என்று ஆங்கிலத்திலும் போட்டு நட்டாள். ஊர் வாய்க்குள் சிரித்துக்கொண்டது; அவள் மனம் நோகுமென்று ஒருவரும் திருத்தவில்லை. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

“செவ்வாய்க்கிழமை ஒரு வயசான ஜோடி தனியா ஏறியிருக்காங்க. உச்சியில உக்காந்து என்லித் தீவைப் பார்த்துக்கிட்டு ரொட்டி தின்னிருக்காங்க. கடல்லேர்ந்து பனி ஏறி வந்து கண்ணை மறைச்சிருச்சு. கூப்பிடற குரலைக் கேட்டு நான் போனப்ப, அந்தம்மா நின்ன இடத்துலேர்ந்து ரெண்டடியில பாறை விளிம்பு. ‘ஜாலியான மலைன்னுதானே போட்டிருந்தது’ங்கிறாங்க.”

இட்வல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உயிரோட இருந்தப்பவே அவளைத் திருத்த எனக்கு மனசு வரல. செத்தப்புறம் திருத்தச் சொல்றியே.”

அந்தக் குரலில் மாரெட்டின் கோபம் பாதி கரைந்தது. மீதிப் பாதியே போதுமானதாக இருந்தது.

“அதை நீங்க தொட வேணாம். பாதையோரமா இன்னொண்ணு நான் நடறேன். மூடுபனின்னு.”

“அவ தப்பை ஊர் பார்த்துச் சிரிக்கவா? நட்டா இங்க உனக்கு வேலை இல்ல.”

“அம்மாவுக்கு?”

“நெஸ்டா என்ன பண்ணினா? அவ வேலை அவளுக்கு.”

“அது போதும் அங்கிள்.”

வேலைக்கென்று அவர் கொடுத்திருந்த மழைக்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். புதுப் பலகையை நேற்றே எழுதி முடித்திருந்தாள். வீட்டுக் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.