வரண்டா, வராண்டா

1

இந்தக் கதை ஒரு காதுப்பிழையில் பிறந்தது. பிழை சுருளியம்மாளுடையது. அல்லது பிழையே இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதுகிறேன்.

தேயிலை பாக்டரியில் ராத்திரி ஷிப்டு முடிந்து வெளியே வந்தபோது, கொழுந்தெடுக்கக் கிளம்பிய பூமாரி இதைச் சொன்னாள். பாதி சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே மேட்டில் ஏறிப்போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கை பரபரத்தது. தூங்கவேண்டியவன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு சொல் கிடைக்கும் என்றால் இன்னும் பத்து வருடம் தேயிலைத்தூளை மூக்கில் ஏற்றலாம்.

2

முதல் தொடக்கம்: "பனி மூடிய மலைச்சரிவில், காலை இழுத்து இழுத்து, கண்களில் ஏக்கத்தோடு ஒரு பேதைப்பெண்..."

நிறுத்திவிட்டேன். சுருளியம்மாள் காலை இழுப்பதில்லை. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. முழங்காலை வலது கையால் அழுத்தி, அந்த ஊன்றலில் அடுத்த அடியை வைப்பாள். வேகமாகவே நடப்பாள். ஏக்கம் கிடையாது. கோபம் உண்டு.

இரண்டாம் தொடக்கம்: "1976இல், மூணாறு மலையில் மாட்டுப்பட்டிக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், பத்தாவது பாசான பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை."

இதுவும் பொய். அவளுக்குக் கிடைக்காதது இண்டர்வியூ. கேள்வி கேட்டு, பதில் சரியில்லை என்று அனுப்பியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். கேள்விவரைக்கும் யாரும் அவளை விட்டதில்லை. இண்டர்வியூ கார்டு வரும், போவாள், வாசலில் நடையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். திட்டித் துரத்தியவர்கள் ஒருவரும் இல்லை. எல்லோரும் இரக்கப்பட்டார்கள். ஓரிடத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாயே என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். அது வழியனுப்புகிற டீ என்பது குடித்து முடித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

(இந்த டீயை வைத்துத் தனிக்கதை எழுதலாம். வேண்டாம், மணி அடிக்கப்போகிறது. எந்த மணி என்பது பிறகு.)

3

மூன்றாம் தொடக்கத்தைத் தொடக்கம் என்று சொல்லாமல் நேரே போகிறேன்.

கம்பெனி ஆபீசில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை காலி. உட்கார்ந்து பேசுகிற வேலை. காதும் நாக்கும் இருந்தால் போதும். கார்டு வந்த நாளிலிருந்து சுருளியம்மாள் சீப்பைக் காதில் வைத்துக்கொண்டு தமிழிலும் மலையாளத்திலும் ஹலோ சொல்லிக்கொண்டிருந்தாள்.* துணைக்கு அண்ணன் பெண்டாட்டி பூமாரி லீவு போட்டுக்கொண்டு வந்தாள். மழை.

"ஒரு கை காலுக்கு, ஒரு கை சர்ட்டிபிகேட்டுக்கு. கொடைக்கு எங்கடி போவ? அதுக்குத்தான் ஆண்டவன் மதினின்னு ஒருத்தியப் படைச்சிருக்கான்" என்றாள் பூமாரி.

ஆபீஸ் சுவரில் அந்த எமர்ஜென்சி வருடத்து எல்லாச் சுவர்களிலும் இருந்த வாசகம், மலையாளத்தில்: நாவடக்கூ, பணியெடுக்கூ. நாக்கை அடக்கு, வேலையைப் பார். டெலிபோன் வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் இப்படி எழுதியிருக்கிறதே என்று பூமாரி சிரித்தாள். சுருளியம்மாள் சிரிக்கவில்லை. படியேறுவதை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தாள்.

பியூன் குட்டப்பன் பார்த்துவிட்டார். உள்ளேயிருந்து ஓடிவந்து படியின் உச்சியில் நின்றார். நல்ல மனிதர், முகமெல்லாம் பரிவு. கையை ஆட்டி மெதுவாகச் சொன்னார்:

"மோளே, வரண்டா."

சொல் இதுதான். மலையாளத்தில் வரண்டா என்றால் வரவேண்டாம்.

சுருளியம்மாள் தலையை ஆட்டினாள். முழங்காலை அழுத்தி மீதிப் படிகளையும் ஏறினாள். குட்டப்பனைத் தாண்டி வராண்டாவுக்குப் போய், மற்றப் பெண்கள் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, சர்ட்டிபிகேட்டுகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, வரவேண்டாங்கான். எந்திரி" என்று பூமாரி காதைக் கடித்தாள்.

"வராண்டாவுல இருக்கச் சொன்னாரு மதினி."

"அடி கூறுகெட்டவளே, அது மலையாளம்."

"எனக்குத் தமிழ்லதான் கேட்டுச்சு."

* எஸ்டேட்டில் ரேஷன், ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் மலையாளம். வீடும் சண்டையும் தமிழ். அவளுக்கு இரண்டும் வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4

இங்கே எனக்குச் சந்தேகம் வந்து பேனாவை வைத்துவிட்டேன். இவள் நிஜமாகவே தப்பாகக் கேட்டாளா?

தப்பாகக் கேட்டாள் என்றால் கதை சிரிப்பாக இருக்கும், ஆனால் டெலிபோன் வேலைக்கு அவள் லாயக்கில்லை. வரண்டா புரியாதவளை நம்பி யார் போனைக் கொடுப்பார்கள்? சரியாகக் கேட்டுவிட்டுத் தப்பாகக் கேட்டமாதிரி உட்கார்ந்தாள் என்றால், அவளைவிடப் பொருத்தமான ஆபரேட்டர் மூணாறு மலையிலேயே கிடையாது. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காதவள். அதற்கும் வேலை கிடைக்காது.

நான் எழுதுகிற கதையில் எனக்கே வழி தெரியவில்லை. எழுந்து இரண்டு நடை நடந்துவிட்டு வந்தேன். என்ன ஒரு முடிச்சு!

5

ஒவ்வொருத்தியாக உள்ளே போய் வந்தார்கள். குட்டப்பன் அவள் பக்கம் வருவதும் திரும்புவதுமாக இருந்தார். உட்கார்ந்திருப்பவளை எழுப்பிவிட அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் பெஞ்சில் அவள் மட்டும்தான். ஆபீஸ் சூப்பிரண்டு தானே வெளியே வந்தார். யார் இது என்று கேட்டார். குட்டப்பன் தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னார். சூப்பிரண்டின் பார்வை அவளுடைய காலுக்குப் போய், முகத்துக்கு வந்தது.

(இந்த இடத்தில் "சூப்பிரண்டின் கண்கள் கலங்கின. இன்றே வேலையில் சேர்ந்துவிடு என்று..." என எழுதிவிட்டு அடித்தேன். யார் கண்ணும் கலங்கவில்லை.)

அவர் மலையாளத்தில் கேட்டார். குட்டப்பன் சொன்னது உனக்குப் புரியவில்லையா?

சுருளியம்மாளின் வாழ்க்கையில் இண்டர்வியூவில் கேட்கப்பட்ட முதல் கேள்வி இது. பூமாரி குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புரியவில்லை என்றால் மன்னிப்பு, வீடு. புரிந்தது என்றால் திமிர், வீடு.

"மனசிலாயி சார்" என்றாள். புரிந்தது.

அதற்குமேல் அவள் சுத்தமான மலையாளத்தில் பேசியதைப் பூமாரி எனக்குத் தமிழில் சொன்னாள்: "வரவேண்டாம்னு சொல்லணும்னா என்னைய நாலு கேள்வி கேட்டுட்டுச் சொல்லுங்க சார். கேக்காமச் சொன்னா எனக்குக் காது கேக்காது."

சூப்பிரண்டு வாயைத் திறந்தார். உள்ளே டெலிபோன் மணி அடித்தது.

எடுக்க ஆளில்லை. அதுதானே காலியிடம். அவர் திரும்பி உள்ளே ஓடினார். ஓடிக்கொண்டே குட்டப்பனிடம் ஏதோ சொன்னார். வரச்சொல் என்றாரா, வரண்டா என்று சொல் என்றாரா? மணிச்சத்தத்தில் குட்டப்பனுக்கு முதல் எழுத்துகள்தான் கேட்டன. மலையாளத்தில் இரண்டும் 'வர' என்றுதான் தொடங்கும்.

இப்போது காதுப்பிழை குட்டப்பனுடையது.

6

பூமாரி இந்த இடம்வரை சொல்லிவிட்டுத்தான் மேட்டில் ஏறினாள். பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டேன். "நீதான கதை எழுதுதவன், நீயே சொல்லு" என்று கொழுந்துக்கூடையை முதுகில் சரித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் சொல்லமாட்டேன். வேலை கொடுத்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். கொடுக்காவிட்டால் பாவம் என்று ஒரு டீ வாங்கிக் கொடுப்பீர்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

எனவே குட்டப்பனை வாசலில் நிறுத்தியிருக்கிறேன். உள்ளே போன் விடாமல் அடிக்கிறது. சூப்பிரண்டு டெலிபோன் போர்டில் எந்த வயரை எந்தத் துளையில் சொருகுவது என்று தெரியாமல் தடுமாறுகிறார். குட்டப்பன் சுருளியம்மாளைப் பார்த்து வாயைத் திறந்துவிட்டார்.

"மோளே, வர..."

மீதியை நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்காக அவள் காத்திருக்கவில்லை, கை முழங்காலுக்குப் போய்விட்டது, எழுந்துவிட்டாள். சீக்கிரம். மணி அடிக்கிறது.