ஷேரு சாத்தவிடாத கதவு

டில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே வைத்தி ஒரு காரியம் செய்தான். ஆபீஸ் விட்டு வந்தவன் மோதி பாக் குவார்ட்டர்ஸில் தன் பிளாக்கை விட்டுவிட்டுப் பக்கத்து பிளாக் மாடிப்படி ஏறினான். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போய், செருப்பைக் கழற்றி மூலையில் விட்டு, "ருக்கு, காப்பி!" என்று குரல் கொடுத்தான். சமையலறையிலிருந்து வந்தது அவன் மனைவி ருக்மிணி அல்ல. கையில் பூரிக்கட்டையோடு ஒரு பஞ்சாபி அம்மாள்.

"எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. நான் என்ன பண்றது?" என்றான் வீட்டுக்கு வந்து.

ருக்மிணி அதைச் சொல்லிச் சொல்லி மழைக்காலம் முழுக்கச் சிரித்தாள். ஜனவரி பிறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அந்த மாதம்தான் கீழ்வீட்டு அக்னஸ் நாயைக் கொண்டுவந்தாள். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரி, நர்ஸ். லீவு நாளில் பிராணிகள் காப்பகத்தில் போய் ஒத்தாசை செய்பவள்.

"ஒரு மாசம் மட்டும் வச்சுக்கிடுங்க மாமி. அதுக்குள்ள நிரந்தரமா ஒரு வீடு பாத்துருவேன். பேரு ஷேரு. இடுப்பு மூட்டு ரெண்டும் தேஞ்சு போச்சு. இனி குணமாவாது, வலியைத்தான் குறைக்கலாம்."

"இதுக்கு முன்னாடி யார் வெச்சிண்டிருந்தா?"

அக்னஸ் குனிந்து நாயின் காதைத் தடவினாள். "ரெண்டு வீட்ல எடுத்துட்டுத் திருப்பிட்டாங்க. இன்னொரு தடவை திரும்புனா ஊசி போட்டுக் கொன்னுருவாங்க மாமி" என்றாள்.

வைத்தி மூக்கைச் சுளித்தான். "நம்மாத்துல நாயா? மடி, ஆசாரம்..."

"நீங்க மடியா இருந்து நான் பார்த்ததே இல்லையே!" என்றாள் ருக்மிணி. நாய் தங்கிவிட்டது.

கடுகெண்ணெயைச் சுடவைத்து அதன் தொடையில் நீவினாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தாள். பின்னங்கால் எழும்பாத நேரத்தில் வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், முன்னங்காலால் நடந்துவிடும். அக்னஸ் சொல்லிக்கொடுத்த வழி அது. வலிக்கும்போதுகூட அது முனகவில்லை. அவள் முகத்தையே பார்க்கும்.

விளக்கு வைக்கும் நேரம் வந்தால்தான் அது வேறு நாயாகிவிடும்.

சாக்குப் படுக்கையை விட்டுத் துண்டின் உதவியில்லாமலே தவழ்ந்து வாசலுக்குப் போகும். தலை வெளியே, உடம்பு உள்ளே என்று நிலைப்படியின் குறுக்கே படுத்துவிடும். அடித்தாலும் இழுத்தாலும் நகராது. கதவைச் சாத்த முடியாது. பனிக்காற்று வீட்டுக்குள் குடிவந்தது. குளிர்ந்த கல் அந்த மூட்டுக்கு விஷம் என்று அதற்கா தெரியாது? மறுநாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் நடுங்கும். ஆனாலும் சாயங்காலம் அதே இடம்தான்.

படுத்தபடியே அறைக்குள் திரும்பி ஜன்னல் மூலையைப் பார்க்கும். தரையை அல்ல, கூரையை அல்ல. ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்தை. பார்த்துக்கொண்டே வாலை மெல்ல ஆட்டும்.

ஒருநாள் வைத்தி ஆபீஸிலிருந்து வருவதற்கு முன்பே அந்த மூலையிலிருந்து இருமல் கேட்டது. நெஞ்சில் சளி புரளும் கிழட்டு இருமல். ருக்மிணி கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டாள். மூலை காலியாக இருந்தது. நாயின் வால் மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

வைத்தியிடம் சொன்னாள்.

"கீழாத்துல யாராவது இருமியிருப்பா. எனக்கே நெஞ்சு கட்டிண்டிருக்கு, உன் நாய் புண்ணியத்துல." அவன் மப்ளரை இறுக்கிக்கொண்டான். "இதோ பார் ருக்கு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பார்க்கறேன். கதவு சாத்தணும். இல்லேன்னா திங்கட்கிழமை அக்னஸ் கிட்டக் கொடுத்துடு."

"ஊசி போட்டுடுவான்னா!"

"எனக்கு நிமோனியா வந்தா உனக்குத் தேவலையா?"

அவன் சொன்னதும் நியாயம்தான். ஷேருவைக் கதவு சாத்திய வீட்டில் இருக்கப் பழக்கிவிட்டால் அது பிழைத்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். அறை வெதுவெதுப்பாக இருந்தால் நாய் எதற்காக வெளியே போகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க வெயிலே இல்லை. எதிர் பிளாக்கை மூடுபனி விழுங்கியிருந்தது. ருக்மிணி வெராந்தாவில் அங்கீட்டியை மூட்டினாள். இங்கே எல்லா வீட்டிலும் குளிருக்கு வைக்கிற கரியடுப்பு. கும்பகோணத்தில் சாம்பிராணி போடக் கும்முட்டி மூட்டியவள்தானே அவள்? புகை அடங்கிக் கரி கனிந்துவிட்டால் பயமில்லை என்பது பிறந்த வீட்டுப் பாடம். அந்த வீட்டில் நடுவே முற்றம் இருந்தது, ஓட்டுக்கு ஓடு இடுக்கு இருந்தது என்பதெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. பஞ்சாபிப் பெண்கள் அங்கீட்டி மூட்டுவதைப் பார்த்திருந்தாள். அவர்கள் ஜன்னலை ஒருக்களித்து வைப்பதைப் பார்க்கவில்லை. அவளோ வாரப் பத்திரிகைத் தாள்களை மைதாப் பசையால் ஒட்டி ஜன்னல் இடுக்குகளை எப்போதோ அடைத்துவிட்டாள்.

கனிந்த அங்கீட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைத்தாள். நாய் எழுவதற்குள் கதவைச் சாத்தி, எட்டி மேல்தாழ்ப்பாளைப் போட்டாள்.

ஷேரு குரைத்தது. அந்த வீட்டில் அதன் குரலை முதன்முதலாக அப்போதுதான் கேட்டார்கள். கதவைப் பிறாண்டியது. பிறகு கதவடி இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்துவிட்டது.

"பார்த்தேளா? பழகிடுத்து" என்றாள்.

"அச்சா" என்று போர்வைக்குள்ளிருந்து வைத்தி முனகினான்.

அறை இதமாக இருந்தது. உட்கார்ந்தபடியே அவளுக்குக் கண் சொக்கியது. தலை கனத்தது. மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். வைத்தியைக் கூப்பிட்டாள், பதிலில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதாகவே தெரியவில்லை. அப்படியே சரிந்து விழுந்தாள். ஷேருவுக்குத் தினமும் இப்படித்தான் இருக்குமோ என்று ஓர் எண்ணம் வந்து போயிற்று.

அப்போது ஜன்னல் மூலையில் யாரோ இருமினார்கள்.

காலடிச் சத்தம், நிதானமாக. அவள் வயிற்றுக்கடியில் ஷேருவின் துண்டு நுழைந்தது. இரண்டு முனையும் ஒன்றாக உயர்ந்தன. அவள் நாயைத் தூக்குவதுபோலவே அவளை யாரோ தூக்கிப் பிடித்தார்கள். கை முன்னே, கால் பின்னே இழுபட, அவள் கதவை நோக்கிப் போனாள். தலைக்கு மேலே தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

கண் விழித்தபோது மாடிப்படி மேடையில் கிடந்தாள். அக்னஸ் கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். வைத்தி சுவரில் சாய்ந்து குமட்டிக்கொண்டிருந்தான்.

"ஷேரு குரைச்சதைக் கேட்டு ஓடியாந்தேன் மாமி. கதவு ஆவுன்னு தொறந்து கெடக்கு, நீங்க ரெண்டு பேரும் வெளியே கெடக்கீங்க. நல்லவேளை, நீங்களா தொறந்துட்டீங்க."

"நான் திறக்கலையே" என்றாள் ருக்மிணி.

அவள் இடுப்பில் துண்டு சுற்றியிருந்தது. அதை அவிழ்க்கப் போன அக்னஸின் கை நின்றது. இரண்டு முனையும் சேர்ந்து, கைப்பிடிபோலப் பெரிய முடிச்சு.

"யாரு போட்டது இது?"

வைத்தி இல்லையென்று தலையாட்டினான்.

"நான் மறைச்சிட்டேன் மாமி" என்றாள் அக்னஸ். "சொன்னா நீங்க எடுக்க மாட்டீங்கன்னுதான். இவனை வளத்தது ஒரு பெங்காலிப் பெரியவரு. தனி ஆளு. கடைசி பிளாக்ல மாடி வீடு. போன குளிர்ல கதவைச் சாத்திட்டு அங்கீட்டியோட படுத்தவரு, கரியோட விஷக் காத்துல எந்திரிக்கல. கதவை உடைச்சப்ப இவன் மட்டும் கதவடியில மூக்கை வச்சுக்கிட்டு உயிரோட இருந்தான். அவரு இவனைப் படியிறக்குறப்ப துண்டுல இப்படித்தான் முடிச்சுப் போட்டுப் புடிப்பாரு."

"அவர் போனது கடைசி பிளாக்குலன்னா, இங்க எதுக்கு..." என்று ஆரம்பித்த வைத்தி பாதியில் நிறுத்திக்கொண்டான். எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு என்று தானே சொன்னதும் அந்தப் பூரிக்கட்டையும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் திங்கட்கிழமை. நாயைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் வரும்போது ஒரு புட்டி கடுகெண்ணெயும் ஒரு செங்கல்லும் கொண்டுவந்தான். கதவை ஒரு சாண் திறந்து வைத்து, செங்கல்லை அண்டைகொடுத்தான்.

ஷேரு அன்று வாசலுக்குப் போகவில்லை. சாக்கை விட்டு நகராமல் மூலையைப் பார்த்து வாலைத் தட்டியது. ருக்மிணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு உட்காரும் பிரம்பு மோடாவை நகர்த்தி அந்த மூலையில் போட்டாள். "பைட்டியே, பாபுஜி" என்று உட்காரச் சொன்னாள், மெதுவாக.

மூலையிலிருந்து ஒரு செருமல் வந்தது.

வைத்தி பேப்பரைத் தாழ்த்தவே இல்லை. "ருக்கு," என்றான் அதன் மறைவிலிருந்தே, "காப்பி போடறச்சே ஒரு டம்ளர் கூடவே போடு."