கள்ளனுக்குச் சீட்டுச் சட்டம்

இன்னொரு தடவை கள்ளன் செத்தால் தான் வரப்போவதில்லை என்று ஷேக் பரீத் சொல்லிவிட்டான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் பஞ்சாபகேசனுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து அத்திம்பேர் கொண்டுவந்த விளையாட்டு அது. பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிப் பாதாளத்தில் புதையல் தேடவேண்டும். ஞாயிறு மத்தியானம் மாட்டுங்கா வீட்டு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தால் ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பார்கள். கதை சொல்வது பஞ்சு. தங்கை ருக்கு மந்திரவாதி. செம்பூர் நாணு சண்டைக்காரன். பஞ்சுவின் ஆபீஸில் டைப் அடிக்கும் பரீத், தாராவியிலிருந்து நடந்தே வந்துவிடுவான், அவன்தான் கள்ளன்.

கள்ளன் பாடு பரிதாபம். பூட்டிய கதவு வந்தால் அவன்தான் முன்னால் போய்ப் பொறி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நூறு வரை எண் விழும் பகடையில் இருபதுக்குள் விழுந்தால் பிழைப்பான். தாண்டினால் விஷ ஊசி. ஆறு மாதத்தில் நாலு கள்ளன்களைப் பரீத் பறிகொடுத்திருந்தான்.

"சாவ நானு, பங்கு போட நீங்களா? நல்லாருக்குய்யா ஒங்க நியாயம்" என்பான்.

பஞ்சு ஒரு வாரம் ஆபீஸ் தாள்களின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். இருபதை அறுபதாக்கினால் எல்லாக் கதவும் திறந்துகொள்கிறது, நாணு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். உயிரைக் கூட்டிக் கொடுத்தால் கள்ளன் இன்னொரு சண்டைக்காரன் ஆகிவிடுகிறான். கடைசியில் சனிக்கிழமை, ரயிலில் தொங்கிக்கொண்டு வரும்போது, அந்தச் சீட்டுச் சட்டம் உதித்தது. கள்ளன் தான் திருடுவதைச் சீட்டில் எழுதி மடித்துப் பஞ்சுவிடம் தரலாம். பஞ்சு உள்ளங்கைக்குள் பகடையை மறைத்து உருட்டுவான். பலித்தால் தன் நோட்டில் குறித்துக்கொள்வான். மற்றவர்களுக்குத் தெரியாது. சீட்டில் பேர் போடக்கூடாது. பரீத் தமிழில் எழுதினான். கான்வென்டில் படித்த ருக்குவுக்கும் நாணுவுக்கும் தமிழ் எழுத்து ஓடாது என்பது இன்னும் சௌகரியமாகப் போயிற்று.

திருடிய மந்திரத் தாயத்துகளை மாட்டிக்கொண்டு ஐந்து வாரம் கள்ளன் சாகவில்லை. பரீத் பத்து நிமிஷம் முன்னதாகவே வர ஆரம்பித்தான். பஞ்சுவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு குறை மட்டும் இருந்தது. பஞ்சுவுக்கு அரக்கனை வர்ணிக்க வரும், புதையலை வர்ணிக்க வராது. ராஜா வீட்டுக்குள் அவன் எப்போது போனான்? அதனால் தன் வீட்டுச் சாமான்களையே தூக்கிப் பாதாளத்தில் வைத்துவிடுவான். அப்படித்தான் அம்மாவின் சீர்வரிசையில் வந்த வெள்ளிச் சந்தனக் கிண்ணமும் அரக்கன் குகைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆறாவது ஞாயிறு. பரீத் வந்து உட்கார்ந்ததும் அம்மா அம்மிணி ஹாலுக்கு வந்து, பாயின் நடுவே ஒரு சீட்டை வைத்தாள்.

"பெருக்கறச்சே சோபாவுக்கு அடியில கெடச்சது. யார் எழுதினது இது?"

'வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துட்டேன். ஒருத்தரும் பாக்கலை.'

பஞ்சு சிரித்துவிட்டான். "அம்மா, இது விளையாட்டு."

"விளையாட்டா இருக்கட்டும். அலமாரில கிண்ணத்தைக் காணோமேடா. வெள்ளிக்கெழமையிலேர்ந்து தேடிண்டிருக்கேன்."

சிரிப்பு நின்றது. பரீத் அம்மாவைப் பார்க்கவில்லை. பஞ்சுவைத்தான் பார்த்தான். பஞ்சு சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அவனுக்கு அது வாயில் வரவில்லை. குகையில் கிண்ணத்தை வைத்தது ஞாபகம் இருந்தது. கள்ளன் அதை எடுத்தானா? இந்தச் சீட்டைத் தான் வாங்கினோமா? நோட்டை இழுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான்.  

"இதோ இருக்கு" என்றான் கடைசியில். "இருபதாம் தேதி, அரக்கன் குகை, வெள்ளிச் சந்தனக் கிண்ணம். பாரும்மா."

பரீட்சையில் பாஸானவன் மாதிரி அவன் முகம் மலர்ந்திருந்தது. வெட்கங்கெட்ட மலர்ச்சி.

"அம்மா, கிண்ணத்தை வளைகாப்புக்குன்னு செம்பூர் அத்தை வாங்கிண்டு போனாளே" என்றாள் ருக்கு.

"அட ஆமா" என்று அம்மா நெற்றியில் தட்டிக்கொண்டாள். "மறந்தே போயிட்டேன் பாரு. தப்பா நெனச்சுக்காதேப்பா பரீத். இரு, காப்பி கொண்டுவரேன்." போன வேகத்தில் சமையலறைக் கதவு சுவரில் மோதியது.

பரீத் சீட்டை எடுத்து நாலாக மடித்தான்.

"நோட்டுல இல்லாட்டா?" என்று கேட்டான்.

"என்னது?"

"நீ எழுத மறந்திருந்தா என்ன செஞ்சிருப்ப பஞ்சு?"

பஞ்சு பகடையைக் கையில் எடுத்துக்கொண்டான். "சரி, ஆரம்பிக்கலாமா? இரும்புக் கதவுக்கிட்ட நிக்கறோம்." தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

"ஆரம்பி. நாந்தான முன்னால போவணும். போறேன். பொறி இருக்கான்னு பாரு."

பஞ்சு உருட்டி, உள்ளங்கையால் மூடி, விரலிடுக்கில் பார்த்தான். அறுபத்து நாலு. கள்ளன் செத்தால் பரீத் வரமாட்டான்.

"பதினொண்ணு" என்றான். "பொறியைக் கண்டுபிடிச்சுட்டே. பொழச்சே."

பரீத் கையை நீட்டிப் பஞ்சுவின் விரல்களை மெதுவாக விலக்கினான். நாலு பேரும் பகடையைப் பார்த்தார்கள்.

"எனக்காவப் பொய் சொல்லணும்னா ஒடனே சொல்லிருத" என்றான் பரீத். "உண்மையச் சொல்லத்தான் ஒனக்கு நோட்டு வேண்டியிருக்கு, என்னா?"

 உன்னை நான் சந்தேகப்படவில்லை என்று சொல்லப் பஞ்சு வாயெடுத்தான். அதுவும் பொய்தான் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

அம்மா காப்பியோடு வந்தாள். பரீத் நின்றபடியே வாங்கிக் குடித்து, டம்ளரைத் தட்டில் வைத்து, "வாரேன் மாமி" என்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினான்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை..." என்று பஞ்சு எழுந்தான்.

"கள்ளன் செத்துட்டான்லா" என்றான் பரீத். "அதையும் நோட்டுல எழுதிக்கோ."